மெட்டிச் சத்தம்

டைசனின் கண்கள் எப்போதும்போலப் பளபளத்தன. ஆனால் ஒரே வாரத்தில் பார்வை அடியோடு போய்விட்டது. காரணம் தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டார் டாக்டர். நாய் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், கணவன் இறந்தபோது கழற்றிய மெட்டிகளை எடுத்து மாட்டிக்கொண்டாள் வசுமதி.

"என்ன அண்ணி இது? அண்ணன் போனப்புறம் கால்ல மெட்டியா?" என்றாள் நாத்தனார்.

"நான் இருக்கற எடம் அதுக்குத் தெரியணும்ல?"

வசுமதி நடந்தாள். சிமெண்டுத் தரையில் மெட்டி ஒலித்ததும் டைசன் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து அவள் பாதங்களை முகர்ந்தது. பிறகு அவளை விட்டு நகர்ந்து, மெட்டி ஒலித்த நாட்களில் கணவன் எப்போதும் அவள்கூட நடந்துவரும் வலப்பக்கம் போய், தடவிக்கொடுக்கச் சொல்லித் தலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

காலை எடுத்தால் மறுபடி ஒலிக்குமே என்று வசுமதி அசையாமல் நின்றாள்.