மத்தியான ஆட்டோ

"தாய்மார்களே, பெரியோர்களே, மறந்துடாதீங்க... நம்ம சின்னம் பூட்டு சாவி... பூட்டு சாவி..."

அந்தக் குரலை நான் முதலில் கேட்டது எங்கள் ஊராட்சித் தேர்தலில். வெகுகாலம் ஆகிவிட்டது. இரண்டாவது 'சாவி' மட்டும் ஒரு படி இறங்கி ஒலிக்கும், கிணற்றுக்குள் குனிந்து சொன்னதுபோல.

மைக் செட் பிராங்க்ளினின் குரல் அது. தலைவர் பதவிக்கு நின்றவள் அறிவுச்செல்வி. "என்னைப் பாத்து யாரு ஓட்டுப் போட்டா? அண்ணன் குரலைக் கேட்டுல்ல போட்டாக," என்று ஜெயித்தபின் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தாள்; சின்னமும் மாறியது. ஒன்றியக் குழுத் தலைவரானாள். அடுத்து எம்.எல்.ஏ.வுக்கு நின்றாள்.

அந்தப் பிரசாரத்தின் கடைசி நாள், ரெட்டியார்சத்திரம் ரோட்டில், பிராங்க்ளின் ஆட்டோ மேல் ஏறிக் கூம்பு ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டினான். மேலே போன மின்கம்பி உரசியது. கீழே விழும்போதே உயிர் இல்லை. அவன் பதிவு செய்து வைத்த குரல் மட்டும் பேட்டரி தீரும் வரை ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை.

அறிவுச்செல்வி ஜெயித்தாள்.

அடுத்த தேர்தல் வந்தது. ஒரு மத்தியானம், தெருவில் வெயிலைத் தவிர யாரும் இல்லை.

"...நம்ம சின்னம் பூட்டு சாவி... பூட்டு சாவி..."

அதே குரல். அதே இறக்கம்.

எதிர்வீட்டுப் பெருமாயி காயப்போட்ட வற்றலை அப்படியே விட்டுவிட்டு என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"டீச்சர், செத்தவன்ல கூப்பிடுறான்."

"பழைய பதிவு பெருமாயி. யாரோ போட்டு விட்டிருக்காங்க."

ஜன்னல் வழியே பார்த்தேன். எம்.எல்.ஏ.வின் கொடி கட்டிய ஆட்டோ. பிராங்க்ளின் வீட்டு முக்கில் நின்று, செத்த நேரம் கூவிவிட்டுப் போனது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

"ராசியான குரலாம். மை போட்டுப் பாத்தாளாம்," என்றாள் பெருமாயி. "புருசன வாரிக் குடுத்தவ வீட்டு வாசல்லயே வந்து கூவ வைக்கிறாளே. பதவி வந்தா நெஞ்சு கல்லாயிரும் போல."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிராங்க்ளின் மனைவி ஜெயமேரியை வெளியே பார்த்தே நாளாகியிருந்தது. மகள் ஷைனியைக் கேட்டால், "அம்மாவுக்கு முடியல டீச்சர்" என்பதோடு கதவு மூடிக்கொள்ளும்.

அறிவுச்செல்வி ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். அவளுடைய ஏஜெண்ட் மோகன்குமார் என் வாசலிலேயே அவளிடம் மன்றாடினான்.

"அக்கா, கும்புட்டுக் கேக்குறேன், நிப்பாட்டுங்க. பூட்டு சாவிய இப்ப ஒரு சுயேச்சைக்குல்ல குடுத்திருக்கு. நம்ம ஆட்டோவே அவனுக்கு ஓட்டுக் கேக்குது. அதப் படம் புடிச்சு எல்லார் செல்லுக்கும் அனுப்புறான். தொகுதியே சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

"பேய்ப் பிரசாரம்னு பேரு வச்சிருக்காங்கக்கா."

"நல்ல பேருதான்." என் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "மறந்துடாதீங்க டீச்சர்."

"உனக்கு வேற குரலே கிடைக்கலையாம்மா?"

"அண்ணன் குரல்ல இந்தப் பழைய பதிவு ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு டீச்சர்."

அதற்குமேல் அவளிடம் பேசப் பிடிக்கவில்லை.

எங்கள் தெருவில் அவளுக்கு விழுந்த ஓட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் தோற்றாள். பூட்டு சாவிக்கு விழுந்தது அந்த வித்தியாசத்தைவிட அதிகம்.

முடிவு வந்த மறுநாள். அதே மத்தியானம்.

"...மறந்துடாதீங்க... நம்ம சின்னம் பூட்டு சாவி..."

பெருமாயி திருநீற்றை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டாள். தேர்தலே முடிந்துவிட்டது. இவன் இன்னும் யாரிடம் என்ன கேட்கிறான்?

வெளியே போனேன். ஆட்டோவில் கொடி இல்லை. பின்சீட்டில் அறிவுச்செல்வி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"தோத்தும் புத்தி வரலையா? செத்தவனை இன்னும் எத்தனை நாளைக்குக் கூவ வைப்பே?"

அவள் பிராங்க்ளின் வீட்டைக் கை காட்டினாள்.

கதவு திறந்தது. ஜெயமேரி நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆட்டோவை அவள் பார்க்கவில்லை. குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஷைனி, வெஞ்சனத்தை எடுத்து வையி. அப்பா முக்குல வந்துட்டாக."

உள்ளே இரண்டு தட்டு. ஒன்றின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஆளில்லாத தட்டைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டே சாப்பிட்டாள்.

அறிவுச்செல்வி குரலைத் தணித்துச் சொன்னாள். "மதினிக்கு நினைப்புத் தப்பிப்போச்சு டீச்சர். தேர்தல் வந்ததும் எந்த ஆட்டோ சத்தம் கேட்டாலும் தட்டைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடியிருக்காங்க. அண்ணன் குரல் இல்லன்னதும் சோத்துல கை வைக்கல. ஷைனி வந்து அழுதா. செல்லுல போட்டுப் பாத்தோம், கட்டிலுக்கு அடியில தேடுறாங்க. தெரு முக்குல இருந்து வரணும்."

"இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பியேம்மா."

"மோகனும் அதான் சொன்னான். மதினிக்குச் சித்தம் கலங்கிருச்சுன்னு நோட்டீஸ் அடிச்சா ஓட்டு வாங்கச் சொல்றீங்க?"

ஜெயமேரி அடுத்த தவக்காலத்துக்கு முன்னால் இறந்துபோனாள். அதுவரை ஒரு மத்தியானமும் அவள் பட்டினி கிடக்கவில்லை.