ஒரே மண்ணில் ஆறு மைல்

“முன்னாடி பட்டை டயரு. பின்னாடி வரி தேயாத புது டயரு. மட்காடு ரெண்டையும் கழட்டிடுங்க பாய்.”

சைக்கிள் கடை அப்துல் ஹமீது, கேட்டவனை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு வண்டியில ரெண்டு சாதி டயரு ஓடுமா தம்பி?”

“டயரு ஓடும் பாய். மனுசந்தான் முரண்டு பண்ணுவான்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த காரியஸ்தர் ரெத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்துப் பல நாளாயிற்று. கழக ஆட்சி நில உச்சவரம்பைக் குறைத்ததிலிருந்து பண்ணையாருக்குத் தூக்கமில்லை. பண்ணையாருக்கே இல்லையென்றால் காரியஸ்தருக்கு எங்கிருந்து வரும்?

பண்ணை நிலத்தைப் பதினாலு பேர் பெயரில் பிரித்து எழுதியாயிற்று. சமையல்காரர், வண்டிக்காரர், செத்து ஏழு வருசமான அத்தை கண்ணாத்தாள், ஏன், ரெத்தினம் பெயரிலும் கொஞ்சம். குடவாசலுக்குப் புதுசாக வந்திருக்கிற தாசில்தார் வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறாராம். உயிரோடிருக்கிற பதிமூணு பேரில் ஒருத்தன் உளறினாலும் போச்சு, உபரி நிலமென்று எடுத்துக் கூலிக்காரர்களுக்குப் பட்டா போட்டுவிடுவார்கள். ‘இது என் நிலம்’ என்று ஒவ்வொருத்தனையும் சொல்லப் பழக்கி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

டயர் கேட்டவன் பூதலூர் அருள்சாமி. மூணு நாள் காலைத் தரையில் ஊணாமல் சைக்கிள் விட்டுப் பேர் வாங்கியவன்.

“மைதானத்துல சுத்துறதுக்கு எதுக்குப்பா மட்காடைக் கழட்டுறே?” என்றார் ரெத்தினம்.

“மைதானம் சலிச்சுப் போச்சுங்க. இந்தத் தடவை வரப்பு, கப்பிப் பாதை, மணல் திடல், சேறு எல்லாம் கலந்து ஒரு சுத்து. மணல்ல முன்சக்கரம் புதையக்கூடாது, களியில பின்சக்கரம் வழுக்கக்கூடாது. மட்காடு இருந்தா மண்ணு அடைச்சுக்கும். ஆனா சுத்து முழுக்க ஒருத்தர் நிலமாவே இருக்கணும்.”

“அது ஏன்?”

“அடுத்தவர் வரப்புல சக்கரம் பட்டா அத்துமீறல்னு கேசு போடுறாங்க. காலம் அப்படி இருக்கு. அதான் பக்கத்து ஊரு மிராசுதாரு எழுதியே தரேன்னிட்டாரு. ரெண்டு மைல் சுத்து. இந்தத் தாலுக்காவுல ஒரே ஆளுக்கு அதுக்கு மேல கிடையாதாமே.”

ரெத்தினம் எழுந்து நின்றுவிட்டார். வாய்க்கால் தண்ணீருக்கும் கோயில் பரிவட்டத்துக்கும் அந்த மிராசுதாரோடு இருபது வருசம் மல்லுக்கட்டிய பண்ணை இது. இந்தப் பேச்சு பண்ணையார் காதுக்குப் போனால் முதலில் உருளுவது காரியஸ்தர் தலைதான்.

“ரெண்டு மைலா? எங்க ஐயா மண்ணுல ஆறு மைல் தரேன். அடுத்தவன் புல்லுகூட மிதிபடாது.”

“எழுதித் தருவீங்களா?”

“கொண்டா பேப்பரை.”

களத்துமேட்டில் தொடங்கி மணல் திடல்வரை எல்லை எல்லையாக எழுதி, ‘சகலமும் எங்கள் பண்ணையாருக்குச் சொந்தம்’ என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். கூத்துக் காட்டுகிறவன் கையிலிருக்கும் காகிதம் எந்தத் தாலுக்கா கச்சேரிக்குப் போய்விடப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை ஊரே அறுத்த வயலில் நின்றது. பறை முழங்க, மூலைக்கு மூலை கொடி நட்டு, முதல் சுத்துக்கு ரெத்தினமே முன்னால் நடந்து வழிகாட்டினார். அருள்சாமிக்குத் துணையாக வந்த கண்ணாடிக்காரர் ஒருவர் தலையில் துண்டும் தோளில் பையும் கையில் காற்றடிக்கிற பம்ப்புமாகக் கூடவே ஓடினார். மணல் வந்தால் காற்றைக் குறைப்பார், கப்பி வந்தால் அடிப்பார். “இங்க களி, இங்க மணல்” என்று நோட்டில் வேறு குறித்துக்கொண்டார்.

கிழக்கு மூலையில் கொடி பிடித்திருந்த நடவுக்காரி அம்சம் சும்மா இருக்கவில்லை. “ஏங்கய்யா, இது கண்ணாத்தா அத்தை நிலம்னுல்ல சொன்னீங்க? அறுப்புக்கூலி கேட்டதுக்கு, போயி அத்தையக் கேளுன்னீங்களே.”

“பேரு யாரோடதா இருந்தா உனக்கென்ன? மண்ணு ஐயாவோடது. கொடிய நேராப் புடி.”

“அத்தை கேட்டா வருத்தப்படும்,” என்றாள் அம்சம். சனம் கொல்லென்று சிரித்தது. கண்ணாடிக்காரரும் சிரித்துவிட்டு நோட்டைப் புரட்டினார்.

ஒரு சுத்து முடிந்தது. இரண்டாவதில் வாய்க்கால் சேறு சக்கரத்தைக் கவ்வ, அருள்சாமி எழுந்து நின்று மிதித்து மீண்டான். மூணாவது சுத்தில் வண்டியும் ஆளும் ஒரே களிமண் பொம்மை. கால் மட்டும் தரையில் படவில்லை.

ரெத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாலு துண்டாகக் காகிதத்தில் கிடந்த பண்ணை, கொடிகளுக்கு நடுவே முழுசாகத் தெரிந்தது. வியாழக்கிழமை நினைப்பே அவருக்கு வரவில்லை.

களத்துமேட்டில் பண்ணையார் மாலையோடு நின்றார். “இறங்குப்பா,” என்று ரெத்தினம் கையை நீட்டினார்.

அருள்சாமி இறங்கவில்லை. தள்ளாடும் சைக்கிளை ஒரு மிதி முன்னும் ஒரு மிதி பின்னுமாக நிறுத்திக்கொண்டு, மாலையைத் தாண்டிக் கண்ணாடிக்காரரைப் பார்த்தான். அவர் ரெத்தினம் எழுதிக் கொடுத்த காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“தாசில்தார் சார், இப்ப காலை ஊணலாங்களா?”