மெல்லிசாக ஒரு ஜோடி

அவள் வலது கையைக் கண்ணாடி மேசைமேல் மல்லாத்தி வைத்தாள்.

மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை. அதற்கு மேல் இடது கையின் நான்கு விரல்களையும் சேர்த்து வைத்தாள்.

"இவ்வளவு இருக்கும்."

செருப்புக்கடை பாய் கையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"சாரையே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா."

பின்னால் நின்ற கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணன் தவறிட்டார் பாய். பதினாறுக்கு வாங்கணும்."

பாய் காற்றாடியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

குடை வாங்கியாயிற்று. செம்பு, வேட்டி வாங்கியாயிற்று. செருப்புதான் பாக்கி. காலையில் இதே கடையிலிருந்துதான் கொழுந்தன் போன் செய்தான். அண்ணி, அண்ணன் கால் என்ன சைஸ்?

அவளுக்குத் தெரியவில்லை.

பதினாறு முடியும்வரை அவள் வாசல் தாண்டக்கூடாது. தாண்டி வந்திருந்தாள்.

ஐயர் சொன்னது இதுதான். போகிற வழி முள்ளும் சுடுமணலும். இங்கே தானம் கொடுக்கிற செருப்பு அங்கே அவர் காலுக்குப் போய்ச் சேரும்.

அவளுக்கு அதில் பாதி நம்பிக்கைதான்.

கவலைப்படப் பாதி போதும்.

ஏனென்றால் அவர் செருப்பே போடாதவர். ஐம்பது வயதில் முட்டிவலி வந்தது. அறுக்க வேண்டும் என்றார்கள். அவர் பாங்குக்குப் போட்டுப் போகிற பூட்ஸைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, ஏரிக்கரையில் வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார். முதலில் நொண்டினார். பிறகு மெதுவாக நடந்தார். பிறகு அவர் வேகத்துக்கு அவளால் கூடவே நடக்க முடியவில்லை.

கல்யாண வீடுகளில் கேலி செய்வார்கள். மேனேஜர் சாருக்குச் செருப்பு வாங்கக் காசில்லையா?

"காசும் இருக்கு. காலும் இருக்கு" என்பார்.

அவளுக்குச் சமையலறைக்குக்கூட மெத்தென்ற எம்.சி.ஆர் செருப்பு வேண்டும். காலைத் தொட்டிலில் போட்டு வச்சிருக்கே, எப்போ எழுப்பப் போறே என்பார்.

ஆண்டுகள் போகப் போக அவர் விரல்கள் விலகி அகன்றன. குழந்தையின் கால்விரல்கள் மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனியாக. அந்தக் காலில் அவள் முள் எடுத்திருக்கிறாள். வெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவியிருக்கிறாள்.

கூடத்தில் கிடத்தியபோது, இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்ட வந்தவர் சிரமப்படவே இல்லை. அவை முன்பே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

பாய் மூன்று ஜோடிகளை எடுத்து வைத்தார்.

முதல் ஜோடி தடித்த பஞ்சு அடி. "மேகத்துல நடக்கிற மாதிரி இருக்கும்மா."

அவள் பயந்தது அதற்குத்தான். யார் எதை வாங்கிக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர். அவள் கொடுத்தது என்று தெரிந்தால் கட்டாயம் போட்டுக்கொள்வார். அவ்வளவு தூரமும், காலுக்கடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் நடப்பார்.

கடை வாசலில் ரோடு போடுவதற்காக ஜல்லி கொட்டியிருந்தார்கள்.

அவள் தன் செருப்பைக் கழற்றினாள். பஞ்சுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஜல்லியில் இறங்கினாள்.

"அண்ணி!"

இரண்டு எட்டு வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்தாள்.

அடுத்தது தோல். அதிலும் தெரியவில்லை.

மூன்றாவதிலும் இல்லை.

"மெல்லிசா ஒண்ணு இருந்தா குடுங்க பாய். அகலமாவும் இருக்கணும்."

பாய் தயங்கினார். கீழ்த்தட்டிலிருந்து ஒரு நீல ஜோடியை இழுத்தார். அப்பளம் போல் இருந்தது.

"இது பாத்ரூமுக்குப் போடறதும்மா."

கொழுந்தன் பொறுக்க முடியாமல் முன்னால் வந்தான்.

"அண்ணி, நாலு பேர் முன்னாடி ஐயர் கையில பாத்ரூம் செருப்பையா குடுப்பாங்க? அண்ணனுக்கு மரியாதையா ஒண்ணு வாங்கலாம். நான் தரேன் காசு."

"உங்க அண்ணன்தானே தம்பி போடப் போறார்?"

அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

அவள் நீலச் செருப்பில் கால் நுழைத்தாள். அவள் காலுக்கு அது மிகப் பெரியது. நழுவாமல் இருக்க விரல்களை விரித்துப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜல்லியில் வலது காலை வைத்தாள்.

ஒரு கல்லின் முனை. அதற்குப் பக்கத்தில் தட்டையான ஒன்று. வெயில் ஏறிய கல்லின் சூடு. எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

இடது காலையும் வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

பாய் படியிறங்கி ஓடி வந்தார்.

"குத்துதாம்மா?"

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

"இதையே கட்டிக் குடுங்க."

என்றாலும் உடனே கழற்றவில்லை. சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜல்லி முடிகிற இடம் வரை நடந்து போனாள்.