பேரை மட்டும் மாற்றுகிறவர்

சுற்றி வளைக்க வேண்டாம். எழுத்தாளருக்குப் பெண்டாட்டி மேல் சந்தேகம்.

குளியலறைக்குள் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு போன் பேசுகிறாள். அவர் பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறாள். ஆள் திடீரென்று இளைத்திருக்கிறாள். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை வேறு.

"எங்க கிளம்பிட்டே?"

"தையல் கடைக்கு."

"போன வாரமும் தையல் கடைதானே?"

"அளவு சரியில்லன்னு திருப்பிக் கொடுத்திருக்கேங்க."

பொய். அவருக்கா தெரியாது? கொலைகாரனை மோப்பம் பிடிக்கிற கதையாக எழுதியே பேர் வாங்கின மனுஷன். கடைசி நாவல் வந்ததிலிருந்து ரோட்டில் நடக்க விடமாட்டேன் என்கிறார்கள், அவ்வளவு புகழ். வீட்டுக்குள் என்னடா என்றால் இப்படி.

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். அவள் தையல் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். இவர் எதிரே டீக்கடையில் ஒதுங்கினார். டீக்காக முகக்கவசத்தை இறக்கியதுமே மாட்டிக்கொண்டார்.

"சார், நீங்க அவர்தானே?" கடைக்காரர் டம்ளரைக் கழுவாமல் அப்படியே வைத்தார். "உங்க கடைசி நாவல்ல அந்தத் தூக்க மாத்திரை முழுங்குற ஆளு, நெஜமாவே ஒருத்தன் இருக்கான்ல? படிக்கும்போதே பகீர்னு இருந்துச்சு."

"எல்லாம் கற்பனைங்க. இப்ப எதிர்ல உள்ள போனாங்களே ஒரு அம்மா..."

"பச்சைச் சட்டையா? வாராவாரம் வருவாங்க. மேல ஒருத்தர் காத்துட்டிருப்பார். திரும்பி வரும்போது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவார்."

கையைப் பிடித்து.

எழுத்தாளர் டீயைத் தொடவில்லை. ரோட்டைத் தாண்டி, படிகளை இரண்டிரண்டாகத் தாவி, மேலே இருந்த கதவைத் தள்ளினார்.

மருந்து வாடை. சுவரில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று பலகை. நீள பெஞ்சில் அவள், சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு. ஊசி குத்திக் குத்தி முழங்கை வரை நீலம் பாரித்துக் கிடந்தது. பக்கத்தில் அவளுடைய தம்பி. நாவல் வந்த பிறகு அவர் வீட்டு வாசலை மிதிக்காதவன்.

"வாங்க மாமா," என்றான் அவன். "பேப்பர் பேனா எடுத்துட்டு வந்தீங்களா?"

அவர் அவன் பக்கம் திரும்பவேயில்லை. அவள் எதிரில் குந்தினார்.

"என்கிட்ட ஏன்ம்மா மறைச்சே? நான் என்ன மூணாவது மனுஷனா?"

"இவன் மாத்திரை முழுங்கினதையும் உங்களை நம்பித்தானே சொன்னான்," என்றாள். "நீங்க பேரை மட்டும் மாத்தினீங்க. கன்னத்துத் தழும்பைக்கூட விடல. ஆபீஸ்ல எல்லாரும் படிச்சிட்டு இவன் மூஞ்சியையே பார்த்தாங்க. வேலையை விட்டுட்டு நிக்கிறான். உங்களுக்குப் பரிசு கொடுத்தாங்க."

"அதுக்காக இவ்வளவு பெரிய விஷயத்தை..."

"நான் பொழைப்பேனோ மாட்டேனோ. என் நோவை யாரோ பஸ்ல உக்காந்து படிக்கிறது எனக்கு வேணாங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது.

"எழுத மாட்டேன்ம்மா. ஒரு வரிகூட எழுத மாட்டேன். உன் மேல சத்தியம்."

தம்பி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தான். பிறகு எழுந்து இடம் விட்டான். அவர் உட்கார்ந்ததும் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். இத்தனை நாள் குழாய்ச் சத்தத்துக்குள் அழுததையெல்லாம் இப்போது வாய்விட்டு அழுதாள்.

அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். அழுகை அடங்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"டாக்டர் முதல் முதல்ல சொன்னாரே, அந்த நிமிஷம்," என்றார் மெதுவாக. "வாய் உலர்ந்து போச்சா, கை நடுங்குச்சா? அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லும்மா."