நின்ற திருக்கோலம்

நான்காம் வகுப்பு முழுவதும் அடியார் கூட்டம்போல் கைகட்டி நின்றிருந்தது. வராந்தாவில் வந்த அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் திகைத்தார்.

"என்னம்மா, வந்த முதல் நாளே மொத்த வகுப்புக்கும் தண்டனையா? பெத்தவங்க சண்டைக்கு வந்துடுவாங்க."

புதிய ஆசிரியைக்கு வியர்த்தது. எத்தனையோ ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த வேலை.

"ஐயா, உட்காரச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. ஒண்ணுகூட அசையல."

தலைமையாசிரியர் முன்வரிசைச் சிறுமியிடம் திரும்பினார். "டீச்சர் சொன்னா கேக்க மாட்டீங்களா?"

"டீச்சர் உக்காந்தப்புறம்தான் நாங்க உக்காரணும்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க. இவங்க உக்காரவே மாட்டேங்கிறாங்க. கால் வலிக்குது."

மேசைக்குப் பின்னால் நாற்காலி தீண்டப்படாமல் இருந்தது.

"ஏம்மா, நாற்காலி ஆடுதா?"

"இல்லைங்க ஐயா. முன்ன இருந்த தனியார் பள்ளியில வகுப்புக்குள்ள டீச்சருக்கு நாற்காலியே கிடையாது. ஜன்னல் திண்டுல சாய்ஞ்சது கேமராவுல தெரிஞ்சாலே சம்பளத்துல பிடிப்பாங்க. அந்தச் சம்பளத்துல பிடிக்க என்ன இருந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க."

அவர் சிரித்துவிட்டார். "இங்க கேமராவும் இல்ல, பிடித்தமும் இல்ல. உக்காருங்க தாயே, பிள்ளைங்க பாவம்."

ஆசிரியை நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். பெஞ்சுகள் அனைத்தும் ஒருசேர முனகின.

நிம்மதியாக வெளியேறிய தலைமையாசிரியர், மறந்துபோன சாக்பீஸ் பெட்டியைக் கொடுக்கத் திரும்பி வந்தார். வாசலில் அவர் நிழல் விழுந்ததுதான் தாமதம், ஆசிரியை துள்ளி எழுந்தார்.

நான்காம் வகுப்பும் பெருமூச்சுடன் மறுபடி எழுந்தது.