கைக்குள் போன சாவி

"இரும்பு குடுங்கப்பா, இரும்பு!"

கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அவன் யோசிக்கவே இல்லை. தன் வண்டியிலிருந்து சாவிக்கொத்தை உருவி, தார்ரோட்டில் கிடந்தவரின் உள்ளங்கையில் திணித்தான்.

வெட்டி வெட்டி இழுத்த விரல்கள் அதை இறுக்கிக்கொண்டன.

நடுரோட்டில் ஒருத்தருக்கு வலிப்பு வந்தால் நம் ஆட்கள் முதலில் தேடுவது இரும்பைத்தான். இரும்புக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. சும்மா நிற்க மனசு வராது. வேறு எதுவும் செய்யத் தெரியாது. அதற்கு இரும்பு ரொம்ப வசதி.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. சாவியால்தான் நின்றது என்று ஒருத்தர் அடித்துச் சொன்னார்.

கோட்டைப்பட்டிக்கு ரோடு பிரியும் விலக்கு. சாயங்கால வெயில். என்ஜின் அணையாமல் சாய்ந்து கிடந்த பைக்கின் பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"தானா விழுந்திருக்கான். தண்ணியப் போட்டுட்டு ஓட்டுனா இப்படித்தான்."

சொன்னவர் டீக்கடைக்காரர். விழுந்த நேரத்தில் அவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஆனாலும் சொன்னார். கூட்டம் தலையாட்டியது.

அவன் பார்த்திருந்தான். அவன் ஒருத்தன்தான் பார்த்திருந்தான்.

பஸ்ஸை முந்தி வந்த வெள்ளைக் கார். ஹேண்டில்பாரில் ஒரு தட்டு. கார் லேசாகத் தயங்கியது, பிறகு பறந்துவிட்டது. பின்கண்ணாடியில் மயில் படம். அதற்குக் கீழே நம்பர்.

வாயைத் திறந்தான்.

மூடிக்கொண்டான்.

அவன் சித்தப்பா இப்படித்தான் ஒரு கேஸில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். வருஷக்கணக்கில் கோர்ட் வாசலில் காய்ந்தார். குற்றம் செய்தவன்கூட அவ்வளவு அலையவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது.

"யாருங்க பாத்தது? யாராவது ஒருத்தர் பேரு சொல்லுங்க" என்றான் ஆம்புலன்ஸில் வந்த பையன்.

கூட்டம் ஓரடி பின்னால் போனது. அவனும் போனான்.

அப்புறம்தான் சாவி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஸ்ட்ரெச்சரில் கிடந்த கையைப் பிரித்துப் பார்த்தான். முடியவில்லை.

"விடுங்கண்ணே, வெரல ஒடைச்சிராதீங்க. ஆஸ்பத்திரில வந்து வாங்கிக்கங்க."

கதவைச் சாத்திவிட்டார்கள்.

அட கடவுளே! அந்தக் கொத்தில் வண்டிச் சாவி மட்டுமா இருக்கிறது? அவன் வேலை பார்க்கும் பெயிண்ட் கடையின் ஷட்டர் சாவியும் அதில்தான். காலையில் முதலாளி வந்து நிற்பாரே.

போன் பண்ணியதும் சந்திரமதி வண்டியின் மாற்றுச் சாவியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். புருஷன் முகத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டாள்.

"போனமா, சாவிய வாங்குனமா, வந்தமான்னு இருங்க. வேற எதுக்கும் வாயத் தொறக்காதீங்க."

அவனும் அதைத்தான் நினைத்திருந்தான். இருந்தாலும் அவள் சொல்லிக் கேட்டபோது கூசியது.

வழியெல்லாம் அந்தக் கார் நம்பரை மறக்கப் பார்த்தான். பிடிக்காத சினிமாப் பாட்டு மாதிரி அது வாயிலேயே நின்றது.

சந்திரமதி ஆஸ்பத்திரி கேட்டிலேயே வண்டியோடு நின்றுகொண்டாள். அவன் மட்டும் உள்ளே போனான்.

அவசரப் பிரிவு வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஏட்டையா. எதிரே ஒரு பெண், மில்லிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்க வேண்டும். தலையெல்லாம் பஞ்சு.

ஏட்டையா கையில் அவன் சாவிக்கொத்து.

"ஒன் புருஷன் கையில இருந்து நர்சம்மா எடுத்தது. ஒங்க சாவியா?"

"இல்லங்க சார். எங்க சாவி வண்டியிலயே இருக்குன்னாங்க."

"அதான் கேக்குறேன். அடுத்தவன் வண்டிச் சாவி, கடைச் சாவியெல்லாம் இவன் கையில எப்படி வந்துச்சு? குடிச்சிட்டு விழுந்தான்னு அங்க இருந்தவங்க சொல்றாங்க. இப்பப் பாத்தா களவாணிப்பய மாதிரில்ல தெரியுது?"

"அய்யோ, அவரு குடிக்கவே மாட்டாரு சார்! அடுத்தவங்க பொருளத் தொட மாட்டாரு சார்!"

அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

உதவி என்று அவன் திணித்தது அந்த மனிதர் கையில் திருட்டாகிவிட்டது.

இப்படியே திரும்பிப் போய்விடலாம். சாவி தொலைந்துவிட்டது என்றால் முதலாளி நாலு வார்த்தை திட்டுவார். அதோடு சரி. கேட் கூடப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கால் எழவில்லை.

"சார், அது என் சாவி."

ஏட்டையா நம்பவில்லை. அவன் மாற்றுச் சாவியை எடுத்து நீட்டினான். அவர் வண்டிச் சாவிகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பல்லுக்குப் பல் பொருந்தியது.

"வலிப்பு வந்துச்சு சார். நாந்தான் கையில குடுத்தேன்."

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானப்பா. இந்தா, பிடி."

கொத்து அவன் கைக்கு வந்துவிட்டது. வந்த வேலை முடிந்தது. இரும்பு இன்னும் பிசுபிசுத்தது.

"அப்ப, நீ அங்கதான் இருந்திருக்க" என்றார் ஏட்டையா.

அந்தப் பெண் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

பையில் போன் அடித்தது. சந்திரமதியாகத்தான் இருக்கும். அவன் எடுக்கவில்லை.

சாவிக்கொத்தைத் திரும்பவும் மேசைமேல் வைத்தான். பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என் பேரு தெய்வேந்திரன் சார்" என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே.