திருப்பிக் கேட்ட கேன்கள்

இதை எனக்கு முதலில் சொன்னது மர்ளியாவின் தங்கச்சி சுல்பா. போன வருஷம் பள்ளிவாசல் கந்தூரி விருந்தன்று, பலர் சேர்ந்து சாப்பிடும் சகன் தட்டுகளை நாங்கள் கழுவிக்கொண்டிருந்த நேரம்.

றஹ்மத் உம்மா, தான் கொடுத்த ஸம்ஸம் தண்ணிக் கேன்களை வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்கிறாராம்!

கரைத்தீவில் அந்தக் கிழமை முழுக்க இதுதான் கதை. ஜித்தாவில் இருக்கும் மகன் கார்கோவில் அனுப்பிய அந்தப் புனிதத் தண்ணியை, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு கேன் என்று பன்னிரண்டு வீட்டுக்குக் கொடுத்தவர் அவர். பத்து லீற்றர் கேன். அன்றைக்குக் கையெடுத்து அவருக்காக துஆக் கேட்ட ஊர், இன்றைக்குச் சிரித்தது.

குழாயடியில் பக்கத்து வீட்டு ஷம்லாவின் வாய் ஓயவில்லை.

“குடிச்ச தண்ணியையும் கேப்பாவோ தெரியாது. மர்ளியா, உங்கட கேனையும் எடுத்துத் துடைச்சு வைங்க. நாளைக்கு வந்திருவா.”

எல்லோரும் சிரித்தார்கள். மர்ளியா மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இதெல்லாம் தன்னால் வந்த வினை என்று அவளுக்கு நிச்சயம்.

மர்ளியாவின் புருஷன் ஜப்பார், கண்டக்குழிக் கடலின் அடியில் சுழியோடி, தொட்டியில் வளர்க்கும் கலர் மீன் பிடிக்கிறவர். சண்டைக் காலத்தில் மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். சண்டை முடிந்து மூன்று வருஷமாகியும் ஊர்க் காணி காடாகத்தான் கிடந்தது. மீன் ஏற்றும் கொழும்பு வாகனம் வரும்வரை இரண்டு மூன்று நாள் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு வைத்திருப்பது மர்ளியாவின் வேலை. தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று தொடங்கினால் கரைக் கடல் கலங்கிவிடும். அதற்கு முந்தித் தெளிந்த கடல் தண்ணியைப் பிடித்துச் சேர்த்து வைக்க வேண்டும்.

எதில் சேர்த்து வைப்பது?

முதலில் வெங்காயத் தோட்டத்துப் பூச்சி மருந்துக் கேன் ஒன்று சும்மா கிடைத்தது. நாய் வாய் வைத்து நஜீஸ் பட்ட பாத்திரத்தைக் கழுவுவதுபோல, ஒரு தரம் மண்ணும் போட்டு ஏழு தண்ணியில் கழுவினாள். இனிச் சுத்தம் என்று நம்பி, அதில் பிடித்த தண்ணியைத் தொட்டியில் ஊற்றினாள். விடிய எழும்பிப் பார்த்தால் மீன் எல்லாம் செத்து மிதந்தது. அடுத்த முறை பெயின்ற் வாளி. அதிலும் அப்படித்தான்.

மீன் வாங்கும் கொழும்பு முதலாளி போனில் நிதானமாகத்தான் சொன்னார். “தங்கச்சி, மனுசர் சாப்பிடுற, குடிக்கிற சாமான் வந்த கேன் மட்டும்தான் பாவிக்கணும். அடியில கிளாசும் முள்ளுக்கரண்டியும் போட்ட அடையாளம் இருக்கும். சவர்க்காரமும் போடக் கூடாது. இன்னொரு தடவை செத்தா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டி வரும்.”

பழைய சாமான் விற்கும் நௌஃபரின் கடையில் இருந்த கேன்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள், மூக்கை வைத்து மணந்தும் பார்த்தாள். அடையாளம் இருந்ததன் விலையைக் கேட்டுவிட்டு அப்படியே வைத்துவிட்டு வந்தாள்.

குசினியில் அடுப்பு மூலையில் வெறுமையாக நின்ற ஸம்ஸம் கேன் அப்போதுதான் கண்ணில் பட்டது. கவிழ்த்தாள். கிளாசும் இருந்தது, முள்ளுக்கரண்டியும் இருந்தது. பிஸ்மி சொல்லிக் கடல் தண்ணியை ஊற்றினாள். ஒரு கிழமை கழித்து அந்தத் தண்ணியை மாற்றிய தொட்டியில் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

ஆனால் ஒரு கேன் எந்த மூலைக்குக் காணும்? அக்கம்பக்கத்தில் வெறும் கேன் கேட்டுப் பார்ப்போமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் றஹ்மத் உம்மா சுகம் விசாரிக்க வந்தார். கேனைப் பார்த்துவிட்டார்.

“இதுக்குள்ள என்ன புள்ள?”

“கடல் தண்ணி மாமி. மீனுக்கு.”

“இந்த ஒண்டுலதானா ஊத்தியிருக்காய்?”

“ஓம் மாமி. இது ஒண்டுதான் என்னட்ட இருக்கு.”

வேறு ஒன்றும் கேட்காமல், ஊற்றிய பிளேன்டீயையும் குடிக்காமல் எழும்பிப் போனார். அடுத்த நாள் காலையில் இருந்து கேன் சேர்க்கத் தொடங்கிவிட்டார்.

ஸம்ஸம் வந்த கேனுக்கு மர்ளியா செய்த மரியாதைக் குறைவை இனி வேறு யாரும் செய்யக் கூடாது என்றுதான் வாங்குகிறார். மர்ளியா அப்படித்தான் நினைத்தாள். கேட்க நினைத்த வீடுகளில் இனிக் கேனும் இல்லை. ஒவ்வொரு தொழுகையிலும் அழுதாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுது முடிய, வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. றஹ்மத் உம்மா இறங்குவதைக் கண்டதும் மர்ளியா உள்ளே ஓடிப்போய்க் கேனைத் தூக்கி வந்தாள்.

“மாமி, பிழை என்னிலதான். மன்னிச்சிருங்க. இந்தாங்க உங்கட கேன்.”

றஹ்மத் உம்மா அதை வாங்கவில்லை. ஓட்டோவின் பின்பக்கத்தைக் காட்டினார். உள்ளே பதினொரு வெள்ளைக் கேன்கள்.

“சவர்க்காரம் மீனுக்கு ஆகாதாமே, நௌஃபர் சொன்னான். பச்சைத் தண்ணியிலதான் அலசினேன். காத்து வர முந்தி நிரப்பிக்கொள்.”

மர்ளியா கையில் இருந்த கேனைக் கீழே வைத்தாள். பேச்சு கோபம்போல வந்தது. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய்க் கேட்டிருப்பேனே மாமி. ஊரெல்லாம் உங்களைக் கஞ்சம் எண்டு சிரிக்குது.”

“நீ கேட்டிருந்தா, ஸம்ஸம் கேனில மீன் தண்ணி ஊத்துறவள் எண்டு உன்னைக் கதைச்சிருப்பாங்க. நீ கல்யாணம் பேச வேண்டிய ரெண்டு குமரை வீட்டில வெச்சிருக்கிறவள், மகள். என்னை நாலு பேர் சிரிச்சா எனக்கென்ன குறையப் போகுது?”

அந்தச் சிரிப்பு ஊரில் இன்னும் ஓயவில்லை. அந்தக் கேன் கதை உங்கள் பக்கம் வந்தால், நீங்கள் சிரிக்காமல் மட்டும் இருங்கோ.